தரை டிக்கெட்டின் அபிப்பிராயம்

பண்டிகை என்றால் இப்போது டி.வி.யில் ஒரு படம் என்று ஆகிவிட்டது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. கார்த்திகை தீபத்தன்று நம் அண்ணாமலை உச்சியில் கொப்பரை எரிவதையும் நேரடியாகக் காட்டுகிறார்கள். கிரிவலப் பாதையில் நெரிசலில் நசுங்குகிறவனைவிட, வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவன் நன்றாகப் பார்க்கிறான். புதுச் சரக்கு கிடைக்காதபோது பழைய படத்தையும் பழைய புராணத்தையும் புது நடிகர்களைப் போட்டு மறுபடி எடுத்து ஓட்டுகிறார்கள். மறுநாள் காலையில் தேரடித் தெரு டீக்கடையில் அதே பேச்சுதான். "அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா?" என்பார் ஒருவர். "ஏன், இதிலே கலர் இருக்கிறதே!" என்பார் இன்னொருவர். இதில் தவறொன்றும் இல்லை. கேபிளுக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறவன் பேசத்தான் செய்வான்.

நாம் கேட்பது வேறு. இத்தனை பேர் அபிப்பிராயம் சொல்கிறார்களே, இதில் யாருடைய அபிப்பிராயம் கணக்கில் ஏறுகிறது?

அமெரிக்க தேசத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் தவறாமல் டி.வி.யில் வருகிற பழைய படம் ஒன்று உண்டு. "இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்" என்று பெயர். 1946ல் வந்தது. சின்ன ஊரில் ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கிற ஒரு நல்ல மனிதன், ஊரையே விழுங்கப் பார்க்கிற ஒரு பணக்காரக் கிழவன், கிறிஸ்துமஸ் இரவில் ஆற்றில் விழப் போகிறவனைக் காப்பாற்ற வருகிற ஒரு தேவதூதன், இவ்வளவுதான் கதை. 1977ல் இதையே டி.வி.க்காக மறுபடி எடுத்தார்கள். கதாநாயகன் இடத்தில் ஒரு பெண்ணை வைத்தார்கள். பழையதா புதியதா என்று அங்கேயும் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் முதல் படத்துக்கு அபிப்பிராயம் எழுதிய ரசிகர்களில் ஒருவர் யார் தெரியுமா? அமெரிக்க ரகசியப் போலீஸ்! பாங்கி முதலாளியை இவ்வளவு கெட்டவனாகக் காட்டியிருப்பது கம்யூனிஸ்டுகளின் வழக்கமான தந்திரம் என்று 1947ல் எப்.பி.ஐ. தன் கோப்பில் எழுதி வைத்தது. அந்தப் படத்தில் நம் சரக்கு ஒரு குண்டுமணி அளவும் கிடையாது. நல்ல பணக்காரன், கெட்ட பணக்காரன், நடுவில் ஒரு தேவதூதன். ஆனாலும் போலீசின் மூக்குக்கு வாடை பட்டுவிட்டது. கடன்காரனுக்கு எங்கே வலிக்கும், கடன் கொடுத்தவனுக்கு எங்கே வலிக்கும் என்று அந்த மூக்குக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே அபிப்பிராயம் என்பது வெறும் ரசனைச் சமாசாரம் அல்ல.

இங்கே வருவோம். 2020 மார்ச் 28ந் தேதி தூர்தர்ஷன் பழைய ராமாயணத் தொடரை மறுபடி ஒளிபரப்ப ஆரம்பித்தது. மக்களின் கோரிக்கைக்கு இணங்கி என்று மத்திய மந்திரியே அறிவித்தார். அந்த மார்ச் மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதையும் பூட்டினார்கள். மில் மூடிற்று, கட்டட வேலை நின்றது, ரயில் நின்றது, பஸ் நின்றது. லட்சக்கணக்கான தொழிலாளிகள் மூட்டையைத் தலையில் வைத்து, பிள்ளையைத் தோளில் வைத்து, நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் மக்கள்தானே? அவர்களுக்கும் கோரிக்கை இருந்தது. பஸ் விடு, அரிசி கொடு, கூலி பாக்கியை வாங்கிக் கொடு என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கைக்கு ராமாயணத்துக்குக் கிடைத்த வேகம் கிடைத்ததா? ஏப்ரல் 16ந் தேதி ஒரே நாளில் 7 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று தூர்தர்ஷன் மார்தட்டிக்கொண்டது. சாலையில் நடந்தவர்களை அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதினார்களோ, தெரியவில்லை.

அதே ராமாயணம் முதல் முறை ஓடியபோது நடந்த சம்பவம் ஒன்று உண்டு. அது நம் தோழர்கள் பலருக்குத் தெரியாது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ராமானந்த் சாகர் எடுத்த அந்தத் தொடர் 1987 ஜனவரியில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஓடி, 1988 ஜூலை 31ல் முடிந்தது. ராமன் பட்டாபிஷேகத்தோடு மங்களம் பாடிவிட உத்தேசம். அப்போது பஞ்சாப் மாகாணத்து ஜலந்தர் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை என்ன? கதையை முழுக்கக் காட்டு, ஏழாவது காண்டமான உத்தர காண்டத்தையும் எடு என்பதுதான். வேலைநிறுத்தம் வடநாட்டின் பல நகரங்களுக்குப் பரவியது. குப்பை மலைபோல் குவிந்தது. ஊரில் நோய் பரவுமோ என்று பயம் வந்தபிறகு, சர்க்கார் இறங்கி வந்தது. பாக்கிக் கதையையும் எடுத்து ஒளிபரப்பினார்கள்.

படித்தவர்களுக்கு இது வேடிக்கை. கூலிக்காகப் போராடலாம், சீரியலுக்காகவா போராடுவது என்று நம் பக்கத்திலேயே சிலர் சிரிக்கலாம். நாம் சிரிக்க மாட்டோம். அந்தத் தொழிலாளிகளில் மிகப் பெரும்பாலோர் தங்களை வால்மீகி வம்சம் என்று சொல்லிக்கொள்கிற தீண்டப்படாத மக்கள். வனத்தில் விடப்பட்ட சீதைக்கு வால்மீகி தன் ஆசிரமத்தில் இடம் கொடுத்து, அவள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவது ஏழாவது காண்டத்தில்தான். அதை வெட்டிவிட்டால் ராஜா இருப்பான், ராணி இருப்பாள், குரங்குகள்கூட இருக்கும். இவர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். ஊர்க் குப்பையை வாருகிறவனுக்குக் கதையிலும் இடமில்லை என்றால் அவன் துடைப்பத்தைக் கீழே போடாமல் என்ன செய்வான்?

(அதே உத்தர காண்டத்தில்தான் தவம் செய்த குற்றத்துக்காகச் சூத்திரன் சம்பூகன் தலை உருளுகிறது என்பதும் நமக்குத் தெரியும். அந்தக் காண்டத்தை நாம் சிபாரிசு செய்யவில்லை. கேட்கும் உரிமையைத்தான் சொல்கிறோம்.)

2008ல் இந்த ராமாயணத்தையே சாகர் குடும்பத்தார் வேறொரு சானலுக்காக மறுபடி எடுத்தார்கள். பழைய ராமன் முகம் நன்றாயிருந்ததா, புதிய ராமன் முகமா என்று பேசினார்கள். முகத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

வடநாட்டுச் சங்கதி போதும். நம் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அது உங்கள் கதை. கூலிக்காரன் கதை. நந்தன் கதை.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று வருகிறவர் ஆதனூர்ப் புலைச்சேரிக்காரர். கோயில் முரசுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கினவர். சேக்கிழார் சொன்ன அந்தக் கதையில் பண்ணையார் கிடையாது! பிறப்பு ஒன்றுதான் தடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாகப் பாடியபோதுதான் நந்தன் பண்ணையாள் ஆனான், தலைக்கு மேலே ஒரு வேதியர் வந்து உட்கார்ந்தார். நந்தன் சாமி பார்க்க லீவு கேட்கிறான். வேதியர் மறுக்கிறார். கடைசியில், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். பாரதியார் கட்சிக்காரர் அல்ல, சங்கத்துக்காரரும் அல்ல. தஞ்சைச் சீமையில் கண்ணால் கண்டதை எழுதினார். கடவுளைப் பார்க்கவும் மிராசுதாரிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்ற உண்மை இப்படித்தான் கதைக்குள் வந்தது. ஒரு கதையை மறுபடி சொல்லுகிறவன் எதையாவது சேர்ப்பதென்றால் இப்படிச் சேர்க்க வேண்டும்!

சினிமாக்காரர்கள் இந்தக் கதையை விடவில்லை. 1935ல் வந்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாக நடித்தார். மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியர். அம்மையாருக்கு லட்ச ரூபாய் சம்பளம் என்று தேசம் முழுவதும் பேச்சு. பண்ணையாளாக நடிப்பதற்கு லட்ச ரூபாய். பண்ணையாளாக இருப்பதற்குப் படிநெல்! இந்தப் படத்துக்கு ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமரிசனம் பிரசித்தமானது. படத்தில் சிறப்பாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்று கேலி செய்திருந்தார். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் நந்தனுக்கு லீவு கொடுக்காததைப் பற்றிய அபிப்பிராயமாக அது பெயர் வாங்கவில்லை.

1942ல் ஜெமினி வாசன் மறுபடி எடுத்தார். இம்முறை நந்தன் தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. தேசிகரின் குரலைக் குறை சொல்ல யாரால் முடியும்? இன்றும் விடியற்காலையில் எங்கேயாவது அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் கை வேலையை நிறுத்திவிட்டு நிற்கத் தோன்றுகிறது. ஆனால் இந்தப் படத்துக்குக் கோலார் தங்கவயல் தாழ்த்தப்பட்ட மக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது.

அந்த ஜனங்கள் யார்? அவர்களில் கணிசமானவர்கள் நம் வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். நம் ஊர்ச் சேரிகளில் தாத்தனோ பாட்டனோ கோலாருக்குப் போன கதை இல்லாத வீடு குறைவு. பூமிக்கடியில் மைல் கணக்கில் இறங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்து, நெஞ்சில் கல்தூசியை வாங்கிக்கொண்டவர்கள். சுரங்கத்தில் இறங்கும்போது யாரும் அவர்கள் ஜாதியைக் கேட்டு நிறுத்தவில்லை. கொட்டகைக்கு வந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்தால், திரையில் தங்களைப்போன்ற ஒருவன் குனிந்து கைகட்டி நிற்கிறான். கோயிலுக்குள் போகத் தீயில் குளித்துச் சுத்தமாக வேண்டும் என்கிறது கதை. 1939 ஜூலை 8லேயே மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் வைத்தியநாதய்யரோடு போய்விட்டார்கள். தீ வளர்க்கவில்லை, யாரும் வேகவில்லை. மூன்று வருஷம் கழித்து வருகிற சினிமாவுக்கு மட்டும் ஏன் தீ வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்க இங்கிலீஷ் படித்திருக்க வேண்டியதில்லை.

பாட்டைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதிற்று, எருமையைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதிற்று. தீயைப் பற்றிப் பேசியது தங்கவயல். எது சரியான சினிமா விமரிசனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தரை டிக்கெட்டின் மனசை அறிந்த கலைஞன் ஒருவன் இருந்தான். என்.எஸ்.கிருஷ்ணன் நந்தனாரைத் தலைகீழாகத் திருப்பிக் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். 1949ல் 'நல்லதம்பி' படத்திலும் அது வந்தது. உடுமலை நாராயண கவி எழுத்து. கிந்தன் சிதம்பரம் போக ஏங்கவில்லை, பட்டணம் போய்ப் படிக்க ஏங்கினான். தீயில் இறங்கவில்லை, ரயிலில் ஏறினான். படித்துத் தேறி அதிகாரியாகத் திரும்பினான். கொட்டகை அதிர்ந்தது. கண்ணீரும் பக்தியுமாய் எடுத்த படங்கள் சொல்லாததை ஒரு சிரிப்பு நடிகன் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டான்.

பிற்பாடு இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்று நாடகம் எழுதினார். அதில் நந்தன் பக்தியால் தீயில் இறங்கவில்லை, சூழ்ச்சியால் இறக்கப்படுகிறான். ஏன் இப்படி எழுதத் தோன்றியது? இடையிலே நடந்ததை நாடு பார்த்திருந்தது.

1968 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் இரவு. தேசம் எங்கும் மாதா கோயில்களில் மணி அடித்துக்கொண்டிருந்த இரவில் கீழத் தஞ்சை வெண்மணிக் கிராமத்தில் கூலிக்காரர்கள் உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒடுங்கினார்கள். கூலி நெல் கூடுதலாகக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள், அதுதான் குற்றம். வெளியே தாளிட்டுத் தீ வைத்தார்கள். 44 பேர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். தீயிலிருந்து பூணூலோடு முனிவராக யாரும் எழுந்து வரவில்லை. கரிக்கட்டைகள்தான் வந்தன. குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள்.

அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் டி.வி.யில் கிறிஸ்துமஸ் சிறப்புத் திரைப்படம் ஓடுகிற அதே நாளில் செங்கொடித் தோழர்கள் வெண்மணிக்குப் புறப்படுகிறார்கள். படம் பார்க்கிறவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு, குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் 'ராமையாவின் குடிசை' என்று பாரதி கிருஷ்ணகுமார் 2005ல் வெண்மணியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தாரே, அதையும் பண்டிகைச் சிறப்புப் படமாகப் போட எந்த முதலாளியின் சானல் முன்வரும்? இடையில் எந்த சோப்புக் கம்பெனி விளம்பரம் கொடுக்கும்?

பழங்கதை பேசுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஜில்லாவுக்கே வருவோம். தண்டராம்பட்டு தாலுகா தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயில். அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில். யாருடைய தனிச் சொத்தும் அல்ல. ஏறக்குறைய 80 ஆண்டுகளாக அந்த ஊர்த் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உள்ளே இடமில்லை. 2023 ஜனவரி 30ந் தேதிதான் அவர்கள் முதன்முதலாக உள்ளே போய்க் கும்பிட்டார்கள். கலெக்டர் வந்தார், போலீஸ் அதிகாரிகள் வந்தார்கள், பெரும் காவல் போட்டார்கள். 80ஐ 2023லிருந்து கழித்துப் பாருங்கள். தேசிகர் திரையில் உருகிய காலம் வந்து நிற்கும்! அத்தனை வருஷமாக நம் ஜில்லாவில் நந்தனார் பாட்டைக் கேட்டு உருகாதவர் யார்? கதவு உருகவில்லையே. அரசாங்க உத்தரவும் ஜனங்களின் பிடிவாதமும் சேர்ந்தபோதுதான் திறந்தது.

அன்றைக்கு அந்தக் காட்சியை டி.வி. செய்திகளில் காட்டினார்கள். பல வருஷமாக வெளியே நின்று கும்பிட்ட பாட்டிமார்கள் உள்ளே அடியெடுத்து வைத்தார்கள். அவர்களுக்கு ஒத்திகை கிடையாது, வசனம் கிடையாது, மேக்கப் கிடையாது. நந்தன் கதையை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எடுத்திருக்கிறார்கள். நம் அபிப்பிராயத்தில், தீ இல்லாமல் எடுத்தவர்கள் தென்முடியனூர்க்காரர்கள்தான்.

இப்போது புராணம் எல்லாவற்றையும் டி.வி. மறுபடி எடுக்கிறது. வடநாட்டில் எடுத்ததைத் தமிழ் பேசவைத்தும் ஓட்டுகிறார்கள். நாளைக்கு நந்தனாரையும் எடுக்கலாம். கம்ப்யூட்டரில் நெருப்பு வைப்பார்கள், பொன்னம்பலம் ஜொலிக்கும். அப்போது நம் மில் வாசலிலும் களத்துமேட்டிலும் என்ன பேச வேண்டும்? நடிகன் முகத்தையும் புடவைக் கலரையும் பேசுகிறவர்கள் பேசட்டும். சேரியை எப்படிக் காட்டினான், நந்தன் முதுகு எத்தனை முறை வளைந்தது, தீயை மூட்டியது யார் என்று காட்டினானா மறைத்தானா, இதைப் பேசுவோம். பிடிக்கவில்லையென்றால் சானலுக்குக் கடிதம் எழுதுவோம். ஒரு சங்கத்துக் கிளை சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினால், டி.வி. பெட்டியில் மானி வைத்துக் கணக்கெடுக்கிறவனுக்கும் அது உறைக்கும். நன்றாக எடுத்தால் அதையும் எழுதுவோம். திட்ட மட்டும்தான் நமக்கு வாய் என்றில்லை.

தேசிகர் படத்தைப் பார்க்கலாமா, பாட்டைக் கேட்கலாமா என்று இளம் தோழர்கள் கேட்பதுண்டு. தாராளமாகக் கேட்கலாம். கேட்டுவிட்டு, அந்த நாற்பது வேலிச் சங்கதிக்கு வாருங்கள். நாற்பது வேலி என்றால் நம் பக்கத்துக் கணக்கில் 200 காணி. அத்தனை வேலையையும் ஒரே இரவில் சிவபூதங்கள் வந்து முடித்துவிட்டன, விடிந்தால் கதிர் விளைந்து நிற்கிறது என்கிறது கதை. 200 காணிக்கு உழவு எத்தனை ஏர், நாற்று நட எத்தனை பெண்கள், களை எடுக்க எத்தனை நாள் என்று உங்களில் யாரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்வீர்கள். அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தப் படத்தின் டைட்டிலிலும் வரவில்லை; கூலியை யார் வாங்கினார்கள் என்றும் எந்த டைரக்டரும் இதுவரை சொல்லவில்லை.